தண்ணீரூற்றில் ஒரு பகலும் ஓர் இரவும்



விடுமுறை நாள் ஒன்று வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "வாப்பா, இந்த முறை எங்க போற?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? சிலர் நுவரெலியா என்பார்கள், சிலர் காலி முகத்திடல் என்பார்கள். கையில் சற்றுத் தாராளமாக உள்ளவர்கள் துபாயைப் பற்றியும் மலேசியாவைப் பற்றியும் பேசுவார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது நல்ல காரியந்தான். பூமியில் நடந்து திரிந்து பார்க்கும்படி நம் மார்க்கமே நம்மைத் தூண்டுகிறது.

ஆனால் 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வந்த சனிக்கிழமை, ஜூலை முதலாந் திகதி, நான் என் மனைவியையும் பதின்மூன்று வயது மகளையும் ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போன ஊரை உல்லாசப் பயணிகள் தேடி வருவதில்லை. அது முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. நான் பிறந்த ஊர். அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் அவசரமில்லாமல் இருந்துவிட்டு வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் எங்களோடு வேனில் ஏறிக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எங்களுக்கு எட்டுப் பரப்புக் காணி உண்டு. உம்மாவின் கல்யாணத்துக்கு அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. இப்போது ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். புத்தளத்தில் என் தங்கையின் வீடோ கூரை போடாமல் அரைகுறையாக நிற்கிறது. விற்பதா, வைத்திருப்பதா? "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு மகன்" என்றார் உம்மா. முழங்கால் நோவினால் அவரால் வர முடியவில்லை. வெறும் போத்தல் ஒன்றைக் கையில் தந்து, "வரக்குள்ள நம்மட கிணத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். எங்கள் பகுதித் தண்ணீர் சவர்த் தண்ணீர். முப்பது வருடங்களுக்கு மேலாக அதைக் குடித்தும் உம்மாவின் நாக்கு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

வவுனியாவில் பசியாறல்

புத்தளத்தில் ஸுப்ஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கியூ.ஆர். முறையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த காலம் அது. வேன்காரத் தம்பி சில நாட்கள் ஓடாமல் மிச்சம் பிடித்து வைத்த டீசலில்தான் எங்கள் பயணம். என் மனைவி குர்பான் இறைச்சியைப் பொரித்து ஒரு டப்பாவில் அடைத்து மடியில் வைத்திருந்தார். அநுராதபுரம், மதவாச்சி தாண்டி வவுனியாவை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

வவுனியாவை வன்னியின் தெற்கு வாசல் என்று சொல்லலாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி இந்த நகரத்தை ஊடறுத்துப் போகிறது. மேற்கே மன்னார் வீதி, கிழக்கே ஹொரவப்பொத்தானை வீதி. மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கடைத்தெருவையும் சுற்றி எந்நேரமும் சனம். நகரத்தை ஒட்டிப் பட்டாணிச்சூர், சற்றுத் தள்ளிச் சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு என்று நம்மவர்களின் பழைய ஊர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு.

கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பசியாறினோம். சூடான இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். பெண்கள் இருந்து சாப்பிடத் திரை போட்ட மூலை ஒன்றும் இருந்தது. மகன் ஒரு சீனிப் பணிஸைக் காட்டிக் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

காரணம் இதுதான். வவுனியாவை நான் முதன்முதலாகப் பார்த்தது 1990இல், பத்து வயதில். அந்த ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேறும்படி பணித்தார்கள். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எல்லாப் பக்கமுமாகச் சுமார் 75,000 பேர் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். சில இடங்களில் சில நாள் தவணை. யாழ்ப்பாண நகரில் சில மணி நேரம். நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியும், மிச்சத் தூரம் நடந்தும் வவுனியா வந்து சேர்ந்தோம். பெயர் தெரியாத ஒரு கடைக்காரர் என் கையில் ஒரு சீனிப் பணிஸை வைத்தார். அவர் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்று எனக்குத் தெரியாது. இன்றும் அவருக்காக துஆச் செய்கிறேன்.

பாலைப்பழக் காலம்

வவுனியாவைத் தாண்டினால் ஓமந்தை. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 வீதி திறந்தபோது வாகனங்கள் வரிசை கட்டி நின்ற இடம் இது. அந்த வருடம் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போனார். அப்போது நான் அரபுக் கல்லூரி மாணவன். கூரையில்லாத எங்கள் வீட்டின் நடுவில் நின்று வாப்பா ஒன்றும் பேசாமல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்து மீண்டும் பாதை திறந்தபோது வாப்பா மௌத்தாகியிருந்தார்.

புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஊர்கள் பின்னால் போயின. இருபுறமும் காடு. பாலை, முதிரை, வீரை என்று மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். பாலை மரம் இரும்பு போல உறுதியானது. கோடையில் அது தரும் பழமோ விரல் நுனியளவுதான். மஞ்சள் நிறம், தேன் போன்ற இனிப்பு, உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும். வீதியோரத்தில் ஒரு பெண்மணி பாலைப்பழத்தைக் கிண்ணத்தால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினோம். சற்று நேரத்தில் மகனின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மனைவி தேங்காய் எண்ணெய் தடவி அவற்றைப் பிரித்தெடுக்க, வேன் முழுக்கச் சிரிப்பு.

மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. வழியில் ஒட்டுசுட்டான். அதன் அருகே உள்ள கற்சிலைமடு சரித்திரத்தில் இடம்பெற்ற ஊர். வன்னியின் கடைசி மன்னன் என்று சொல்லப்படும் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் மாதம் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் என்பவனின் படை அவனை முறியடித்தது இந்தக் கற்சிலைமடுவில்தான். அந்தச் சம்பவத்தைச் சொல்லும் நினைவுக்கல் இங்கே நாட்டப்பட்டது. "அதுவும் ஒக்டோபர் மாதமா வாப்பா?" என்று மகள் கேட்டாள். பிள்ளைகள் எதை எதோடு சேர்த்து யோசிக்கிறார்கள், பார்த்தீர்களா?

நாலா, இரண்டா?

முள்ளியவளையை அடுத்திருப்பது தண்ணீரூற்று. பெயரே சொல்வது போல நிலத்தடியில் நல்ல ஊற்றுள்ள ஊர். இங்கும், பக்கத்தில் நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும், முல்லைத்தீவுப் பட்டினத்திலுமாக முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தார்கள். போர் முடிந்த பிறகு கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. வந்து காணியைத் துப்புரவாக்கிவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகத் திரும்பிப் போனவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது. இருபது வருடம் ஓரிடத்தில் வாழ்ந்தால் அங்கேயும் வேர் விடத்தானே செய்யும்?

வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, திரும்பி வந்தவர்களில் ஒருவர். கணவர் மௌத்தான பிறகும் ஊரை விட்டு அசையவில்லை. ஒரு பேரன் துணைக்கு இருக்கிறான். வாசலில் வேன் நின்றதும் கையில் அகப்பையோடு ஓடி வந்து என் மகளைக் கட்டிப் பிடித்து, "இது எங்கட உம்மாட முகம்" என்று அழுதார். என் மகள் தன் பூட்டியைக் கண்டதில்லை. அந்த முகம் தன்னிடம் இருப்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் லுஹர் பாங்கு கேட்டது. நான் மகனோடு பள்ளிக்குப் போனேன். ஒன்றரை ஸஃப் ஆட்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தொழுகை முடிந்து எல்லோரும் பெருநாள் தக்பீர் சொன்னபோது ஆள் குறைவு என்ற எண்ணமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பாயில் சாப்பிட உட்கார்ந்தோம். நந்திக்கடல் இறால் கறி, முருங்கைக்கீரைச் சுண்டல், குத்தரிசிச் சோறு, முட்டியில் எருமைத் தயிர். சாப்பாட்டின் நடுவில் மகள் திடீரென்று கேட்டாள்:

"வாப்பா, நீங்க பள்ளியில எத்தின ரக்அத் தொழுதீங்க?"

"நாலு."

"நானும் உம்மாவும் இங்க ரெண்டுதான் தொழுதம். பயணம் எண்டு உம்மா சுருக்கினா. ஒரே ஊர்ல நீங்க ஊராள், நாங்க விருந்தாளியா?"

மாமி சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சகோதரிகளே, சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் வாழும் ஊர் புத்தளம். அங்கிருந்து இருநூறு கிலோ மீற்றருக்கு மேல் வந்திருக்கிறோம். ஒரு நாள்தான் தங்கப் போகிறோம். ஆகவே நாங்கள் முஸாபிர்கள். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். பிறந்த ஊர் என்பதால் மட்டும் ஒருவர் அங்கே ஊர்வாசியாகிவிட மாட்டார். நான் மட்டும் நான்கு தொழுததற்குக் காரணம் வேறு. ஊர்வாசியான இமாமுக்குப் பின்னால் நிற்கும் பயணி அவரைப் பின்பற்றி முழுமையாகத் தொழ வேண்டும். இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் சொந்தப் பிள்ளை, என் சொந்த ஊரில் வைத்துக் கேட்டபோது அது பாடமாக இருக்கவில்லை.

நான் மகளுக்கு மக்காவைப் பற்றிச் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர் அது. வெளியேற்றப்பட்டு எட்டு வருடங்களின் பின் அதை வெற்றிகொண்டு உள்ளே வந்தபோதும், பின்னர் இறுதி ஹஜ்ஜுக்கு வந்தபோதும், அவர்கள் அங்கே சுருக்கித்தான் தொழுதார்கள். அவர்களுடைய குடும்பத்து வீடுகளை அபூதாலிபின் மகன் அகீல் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். சொந்த ஊரில் அவர்களுக்குக் கூடாரம்தான் தங்குமிடமாயிற்று. அதற்காக மக்கா மீதிருந்த நேசம் குறைந்ததா? இல்லையே!

"அப்ப அவங்களுக்குக் கவலையா இருந்திருக்காதா?" என்றாள் மகள்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

வேலிப் பொட்டு

வெயில் தாழ்ந்ததும் காணியைப் பார்க்கப் போனோம். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அதன் நடுவே ஒரு வேப்பமரம் உயர்ந்து நின்றது. காணி பற்றைக் காடாக இருக்கும் என்று எண்ணித்தான் போனேன். அரைவாசி அப்படித்தான். ஆனால் வேலியோரத்திலிருந்து கிணறு வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று சுத்தமாக இருந்தது. கிணற்றைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. எட்டிப் பார்த்தால் அடி தெரியும் தெளிந்த தண்ணீர்.

யார் செய்த வேலை இது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேலிப் பொட்டால் குனிந்து ஓர் அம்மா வந்தார். பக்கத்துக் காணிக்காரர். உம்மாவின் பழைய சிநேகிதி. பொட்டு என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். பக்கத்து வீட்டார் போய் வர வேலியில் விடும் சிறு இடைவெளி அது. ஒரு காலத்தில் எங்கள் பெருநாள் வட்டிலப்பம் போனதும், அவர்கள் வீட்டுத் தைப்பொங்கல் வந்ததும் இந்தப் பொட்டால்தான்.

"தம்பி, ஆரெண்டு விளங்குதே? வாங்கோ, வாங்கோ. உம்மா எப்பிடி இருக்கிறா?" என்றவர், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வருசா வருசம் நான்தான் இந்தக் கிணத்தை இறைப்பிச்சுத் துப்புரவாக்கிறனான். எங்கட கிணறு கோடைக்கு வத்திப்போகும். இதுதான் எங்களுக்குத் தண்ணி. உங்களைக் கேக்காம அள்ளினது பிழையெண்டா மன்னிக்கோணும்."

மன்னிப்பா? எனக்கு நாக்கு எழவில்லை. இந்த அம்மாவும் 2009இல் எல்லாவற்றையும் இழந்து ஓடியவர்தான். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்து, வெறும் நிலத்தில் தறப்பாள் கட்டிக் குடியேறியவர். அவருடைய ஒரு மகன் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. எங்கள் இரு சாராருக்கும் இடையே பேச வேண்டியவை நிறைய உண்டு. அவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் பேசி முடித்துவிட முடியாது. ஆனால் அந்தக் கிணற்றை அவர் தூர விடவில்லை.

"காணியை விக்கப் போறியள் எண்டு கதைச்சினம்" என்றார் சற்றுப் பொறுத்து. "அது உங்கட விருப்பம். விக்கிறதெண்டா, எங்களைக் கிணத்தில அள்ள விடச் சொல்லி வாங்கிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வில்லுங்கோ தம்பி."

மனைவியும் மகளும் கிணற்றடியில் குளிக்கட்டும் என்று அவரே கிடுகு மறைப்பைச் சரிசெய்து கொடுத்தார். பாலைப்பழப் பசையும் பயணத் தூசியும் போகக் குளித்துவிட்டு வந்த மகள், "வாப்பா, இந்தத் தண்ணியில சவர்க்காரம் எப்பிடி நுரைக்குது!" என்று அதிசயப்பட்டாள். உம்மாவின் போத்தலை அவளே நிரப்பி மூடியை இறுக்கினாள்.

கடற்கரையில் மஃரிப்

அங்கிருந்து முல்லைத்தீவுப் பட்டினம் சிறிது தூரந்தான். முதலில் வட்டுவாகல் வரை போனோம். ஒரு பக்கம் நந்திக்கடல் நீரேரி, மறு பக்கம் பெருங்கடல், நடுவே ஒடுங்கிய பழைய பாலம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து ஆயிரக்கணக்கான சனங்கள் காயப்பட்டவர்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தது இந்த வழியால்தான். நாங்கள் பாலத்தைக் கடக்கவில்லை. வேனை விட்டிறங்கிச் சற்று நேரம் நின்றோம். பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லவில்லை. அவர்களாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு முல்லைத்தீவுக் கடற்கரை. சோளகக் காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். இந்தப் பக்கத்துக் கடலோ பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதனால் மேற்குக் கரை மீனவர்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. நீண்ட வெண்மணல், கச்சான் விற்கும் ஒரு சிறுவன், குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்த சிலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கடலே எழுந்து வந்து பட்டினத்தை அழித்தது என்று சொன்னால், அன்று அதைப் பார்த்தவர் யாரும் நம்பமாட்டார்கள். மகன் அலையின் ஓரத்தில் ஓடினான். மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மணலில் நடந்தார். அவரை அப்படி எந்தக் கவலையும் இல்லாமல் பார்த்து நீண்ட நாளாயிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்பே நிலவு கடலுக்கு மேல் ஏறியிருந்தது. துல்ஹஜ் பதின்மூன்றாம் இரவு. இரண்டு நாளில் போயா. நாங்கள் மணலில் விரிப்பை விரித்து மஃரிபுத் தொழுதோம். நான் முன்னால், மகன் வலப்பக்கத்தில், தாயும் மகளும் பின்னால். தொழுது முடிந்ததும் மகள் சொன்னாள்: "மஃரிப் மட்டும் நல்லம் வாப்பா. ஊராளுக்கும் மூணு, பயணிக்கும் மூணு." இத்தனை நேரமும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

பட்டினத்தில் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குத் திரும்பினோம்.

மாமியின் ஜமாஅத்

நான் பள்ளியில் இஷாத் தொழுதுவிட்டு வந்தபோது வீட்டு அறையில் ஓதும் சத்தம் கேட்டது. கதவோரமாக நின்றேன். நிலவெளிச்சம் விழுந்த அறையில் மூன்று பெண்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். நடுவில் மாமி. அவருக்கு ஒரு பக்கம் என் மனைவி, மறு பக்கம் மகள். பெண்கள் ஜமாஅத்தில் இமாமாக நிற்பவர் வரிசையின் நடுவில்தானே நிற்பார்? மாமி இந்த ஊரின் வாசி. ஆகவே அவருக்குப் பின்தொடர்ந்து தொழுத இருவரும் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழுதார்கள்.

ஸலாம் கொடுத்த மகள் என்னைப் பார்த்து நான்கு விரல்களைக் காட்டினாள்.

இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மாமி மத்ரஸாவில் ஓதியவர் அல்லர். பகல் சாப்பாட்டின்போது பிள்ளை கேட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தார்; பள்ளியில் நான் நான்கு தொழுததற்குச் சொன்ன காரணத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அன்றிரவு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். வேப்பங்காற்று. மாமி பழைய கதைகளைச் சொல்லச் சொல்ல மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தக் கிணற்றடியில் எந்தக் கல்யாணப் பேச்சு நடந்தது, எந்த மாமரத்தில் ஏறி நான் விழுந்தேன், என் உம்மா மணமகளாக வந்த நாளில் என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தார் என்பதெல்லாம். தூரத்தில் எங்கேயோ யானை வெடி கேட்டது. "வயலுக்க யானை இறங்கிட்டு. பயப்படாதீங்க, இங்க வராது" என்று மாமி கதையைத் தொடர்ந்தார். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. ஸுப்ஹுக்கு எழும்பியபோது நிலவு மறைந்து நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன.

உம்மாவின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புத்தளம் வந்து சேர்ந்தோம். உம்மா வாசலிலேயே இருந்தார். மகள் போத்தலைக் கொடுத்தாள். உம்மா ஒரு கோப்பையில் ஊற்றி, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார். ருசி எப்படி என்று நான் கேட்கவில்லை. மீதியைப் போத்தலோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

கிணற்றை யார் இறைக்கிறார் என்பதைச் சொன்னேன். வேலிப் பொட்டு இன்னும் அடைபடவில்லை என்பதையும், அந்த அம்மா கேட்ட ஒரு வார்த்தையையும் சொன்னேன். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேத்தியின் பக்கம் திரும்பினார்.

"நீ அங்க எத்தின ரக்அத் தொழுத?"

"லுஹரும் அஸரும் ரெண்டு ரெண்டு உம்மம்மா. இஷா நாலு. மாமிட ஜமாஅத்."

உம்மா தலையை ஆட்டினார். அன்றிரவு அலுமாரியிலிருந்து காணி உறுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். காலையில் அது திரும்பவும் அலுமாரிக்குள் போயிருந்தது. "இப்ப வாணாம் மகன்" என்றார். தங்கையின் வீட்டுக் கூரைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேறு வழி பார்த்தோம். அது இலேசாக முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கடன் இன்னும் முடியவில்லை. தங்கைக்கு மனக்குறை இல்லை என்றும் சொல்லமாட்டேன். அவளுடைய நியாயமும் நியாயந்தான்.

சகோதரிகளே, விட்டு வந்த ஊருக்கு எல்லோரும் திரும்பிப் போய்விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? நானே போகவில்லையே! பிள்ளைகளின் படிப்பு, தொழில், வைத்தியசாலை என்று ஆயிரம் காரணங்கள் எனக்கும் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த விடுமுறையில் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், "எங்க போற?" என்று கேட்டால், உங்கள் உம்மாவின் ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் போய் மாலையில் திரும்பாமல் ஓர் இரவு தங்குங்கள். கிணற்றில் அள்ளிக் குளியுங்கள். பக்கத்து வீட்டாரைத் தேடிப் போய் ஸலாமத்தை விசாரியுங்கள். அங்கே தனியாக இருந்து விளக்கேற்றும் ஒரு மாமியோ சாச்சியோ இருப்பார். தொழுகை நேரம் வந்தால் அவரையே இமாமாக நிறுத்துங்கள். நாம் பயணிகள்தான். ஆனால் ஊரிலே நிலைத்து நிற்கும் ஒருவரின் பக்கத்தில் நின்றால் நம்முடைய தொழுகையும் முழுமையாகிவிடுகிறது.

போகும்போது ஒரு வெறும் போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.